பவுனு போன வழி

கடற்கரையில் காரியத்தை முடித்துக்கொண்டு எல்லோரும் வீடு திரும்பும்போது காற்று நின்றுபோயிருந்தது.

மரக்காணத்தில் அந்த வேளைக்குக் காற்று நிற்பது வழக்கமில்லை. கடலிலிருந்து கிளம்பி, உப்பளத்தைக் கடந்து, வீட்டுக்குள் மூடிவைத்த சோற்றுப் பானைவரை உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிற காற்று அது. இன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பாத்திகளில் கிடந்த தண்ணீர் வெயிலைத் திருப்பி முகத்தில் அடித்தது. கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. சூர்யகலா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

இறந்துபோன அவளுடைய அப்பா காசிலிங்கத்துக்கு இன்றோடு சடங்கெல்லாம் முடிகிறது. சென்னைக்கு வெளியே ஒரு கார் கம்பெனியில் தலை நரைக்கும்வரை கதவு மாட்டிய மனிதர். ஓய்வுபெற்றதும் மனைவி ஆண்டாளோடு சொந்த ஊருக்கு வந்து, ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட ஒன்றை வாங்கினார். மணல் நிறத்தில் ஒரு பெண் குதிரை. பவுனு என்று பெயர் வைத்தார். கல்யாண ஊர்வலங்களில் ஆடிக் களைத்த குதிரை அது. அதன்மேல் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. காலையில் உப்பளக் கரையோரமாக அதோடு நடந்து போவார், வெயில் ஏறும்முன் திரும்பி வருவார். ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஜுரம் என்று படுத்தார். நெஞ்சில் சளி என்றார்கள். நிமோனியா என்றார்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கொடுத்த மருந்து எதற்கும் அந்த ஜுரம் இறங்கவில்லை.

அவர் போன பிறகு பவுனு தீனியைத் தொடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அதற்கும் ஏக்கம்தான் என்றார்கள். சூர்யகலாவுக்கு அப்படித் தோன்றவில்லை. குதிரையின் மூக்கிலிருந்து கெட்டியாக ஒழுகியது. பின்னங்காலின் உள்பக்கம் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள். போன வாரம் கால்நடை மருத்துவர் சத்யப்ரியாவை அவள்தான் கூட்டிவந்தாள். டாக்டர் குதிரையைப் பார்த்ததும் வண்டிக்குத் திரும்பிப் போய், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்து இரத்தம் எடுத்தார்.

“ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் இதுகிட்ட போகாதீங்க.”

ஏன் என்று அவள் கேட்பதற்குள் டாக்டர் வண்டியில் ஏறிவிட்டார். அந்த ரிசல்ட் இன்னும் வரவில்லை.

வாசலில் பந்தல் போட்டு, அப்பாவின் படத்தைத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். தம்பி கார்த்திகேசன் மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். கொள்ளி வைத்த மகன் இன்று கடற்கரைக்கே தாமதமாகத்தான் வந்தான். கார் பஞ்சர் என்றான். ஐயர் முணுமுணுத்தார். சூர்யகலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வந்ததிலிருந்து அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணோடு கண் பார்க்கவில்லை.

பின்பக்கம் போய்க் குதிரையை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் எழுந்தபோதெல்லாம் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

படத்தைத் திறந்துவைத்தவர் பலராமன். கார் கம்பெனியில் அப்பாவோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்தவர். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு படத்தைக் காட்டிப் பேசினார்.

“காசிக்குக் கதவு மாட்டுற வேலை. கார் கதவோட உள்பக்கம் வெறும் தகரம்தான். அதுமேல அட்டையை வெச்சு மூடிடுவோம். அப்புறம் அதை யாரும் பார்க்கப்போறதில்ல. மூடுறதுக்கு முன்னால இவன் என்னா பண்ணுவான் தெரியுமா? பாக்கெட்ல இருந்து சாக்பீஸை எடுத்து ஒரு குதிரை போடுவான். ரெண்டே இழுப்பு. கழுத்து ஒண்ணு, வால் ஒண்ணு. ஒருநாள் சூப்பர்வைசர் பார்த்துட்டாரு. ‘என்னய்யா இது?’ன்னாரு. இவன் அசராம சொல்றான், ‘சார், ஹார்ஸ் பவர்’.”

பந்தலில் சிரிப்பு எழுந்தது. மூலையில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்த ஆண்டாளின் உதடுகூட லேசாக அசைந்தது. அப்பா போனதிலிருந்து அம்மா முகத்தில் அப்படி ஓர் அசைவை சூர்யகலா பார்க்கவில்லை.

“நான் ஒருதடவை கேட்டேன். ஏன்டா உனக்கு இப்படி ஒரு பித்துன்னு. ‘நாள் பூரா என் முன்னால கார் போவுது பலராமா. ஒண்ணாவது என்னைத் திரும்பிப் பார்த்திருக்குதா? குதிரை பார்க்கும்டா’ன்னான்.” பலராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவ்ளோதான் அவன்.”

சூர்யகலாவுக்குக் கிண்டி ஞாபகம் வந்தது. அப்போது அவள் சின்னக் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அப்பா எழுந்து எங்கேயோ போய்விடுவார். வேறு குடும்பம் இருக்கிறதோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஒருநாள் அவளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். ரேஸ் மைதானத்து வேலிக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். உள்ளே குதிரைகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் ஒரு ரூபாய் கட்டியதில்லை அவர். பார்ப்பார், அவ்வளவுதான். அம்மாவைக் கண்டதும் திடுக்கிடவும் இல்லை. “வா ஆண்டாளு, அந்தக் கறுப்பைப் பாரு. எப்படித் தலையைத் தூக்குது பாரு” என்றார்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. டாக்டர் சத்யப்ரியா.

சூர்யகலா பந்தலைவிட்டு விலகித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தாள்.

“அக்கா, காரியத்துல இருப்பீங்கன்னு தெரியும். ஆனா இதைத் தள்ளிப்போட முடியாது. ரிசல்ட் வந்துடுச்சு. கிளாண்டர்ஸ்.”

“அப்படின்னா?”

“குதிரைங்களுக்கு வர்ற தொத்துநோய். மருந்து குடுத்துக் காப்பாத்துறதுக்கு அனுமதியே கிடையாது. ஊசி போட்டு முடிச்சு, ஆழமா பொதைச்சுடணும். கவர்ன்மென்ட் ரூல்.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, உங்கப்பாவுக்கு என்ன ஜுரம்னு சொன்னாங்க?”

சூர்யகலா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“நிமோனியான்னாங்க.”

“ஒடம்புல கட்டி எதுவும் இருந்துச்சா?”

அப்பாவின் முழங்கைக்கு மேல் கட்டி ஒன்று இருந்தது. உடைந்து, காய்ந்து, மறுபடி உடைந்தது. குதிரையின் மூக்கைத் தன் கையாலேயே துடைத்துவிடுகிறவர் அவர். ஆஸ்பத்திரியில் அதைக் கொசுக்கடி சொறிந்து சீழ் வைத்தது என்று அவளேதான் சொன்னாள்.

“இது மனுசனுக்கும் வருங்களா டாக்டர்?”

“வரும். அபூர்வம்தான், ஆனா வரும். வீட்ல இருக்கற எல்லாரையும் டெஸ்ட் பண்ணணும். ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்லிட்டேன். நான் கிளம்பிட்டேன். குதிரை கட்டுத்தறியிலதானே இருக்குது?”

“பின்னால கொட்டகையிலதான்...”

பேசிக்கொண்டே நடந்தவள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். கயிறு இல்லை. தொட்டியில் தவிடு அப்படியே ஊறிக் கிடந்தது. ஈரமண்ணில் குளம்புத் தடங்கள் முன்னும் பின்னுமாக மிதிபட்டிருந்தன. இழுத்திருக்கிறார்கள். அது வரமாட்டேன் என்றிருக்கிறது. வேலி ஓரத்தில் வண்டி டயர் பதிந்த தடம்.

“டாக்டர்,” என்றாள். “அது இங்க இல்ல.”

கார்த்திகேசனைத் தேடவேண்டியிருக்கவில்லை. அவனே பின்னால் வந்து நின்றான்.

“காலையில அனுப்பிச்சுட்டேன்கா. எல்லாரும் கடலுக்குப் போன நேரத்துல.”

“யாருக்குடா குடுத்த?”

“அப்பா யார்கிட்ட வாங்கினாரோ அவங்களுக்கே. பிரபுன்னு ஒருத்தன். அப்பா போன்ல நம்பர் இருந்துச்சு. கல்யாண சீசன், குதிரை பத்தலன்னான். சும்மாவே ஓட்டிட்டுப் போன்னு சொல்லிட்டேன்.”

“கிட்டப் போகாதீங்கன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?”

“நீ இதை வெச்சுக்கிட்டு வைத்தியம் பார்ப்ப, அம்மா ராப்பகலா கொட்டகையிலயே ஒக்காந்திருப்பாங்க. எனக்குப் பார்க்க முடியலக்கா.” அவன் தலையிலிருந்த துண்டை உருவி இடுப்பில் இறுக்கினான். “என் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு ஒருதடவை வந்திருக்காரா அவரு? ஞாயித்துக்கிழமையானா கிண்டி. ரிட்டயர்டு ஆனப்புறமாவது நம்மகூட வந்து இருப்பாருன்னு பார்த்தேன். இதைப் புடிச்சுக்கிட்டாரு.”

சூர்யகலா பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஆண்டாள் பேசினாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“அவனைத் திட்டாத. நான் கடலுக்கு வரலியே, வீட்ல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். போவட்டும்னு நான்தான் விட்டேன்.”

“ஏம்மா?”

“அது மூச்சு விடுது பாரு, அந்தச் சத்தம். ஆஸ்பத்திரியில உங்கப்பா கடைசியா விட்டாரே, அதே சத்தம். கண்ணை மூடினா ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்குது. என்னால முடியலடி.”

பந்தலில் சாப்பாட்டுக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது.

சூர்யகலா போனில் வந்த செய்தியைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கட்டியைப் பற்றியும் சொன்னாள். கார்த்திகேசன் போனை எடுத்துப் பிரபுவின் நம்பரைத் தேடினான். ஆண்டாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

பிரபுவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. காலையில் வண்டியில் ஏற்றும்போது, பிரம்மதேசத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு என்று அவன் சொன்னது மட்டும் கார்த்திகேசனுக்கு நினைவிருந்தது. சூர்யகலா அதை டாக்டருக்குச் சொல்லிவிட்டுத் தம்பியின் காரில் ஏறினாள்.

திண்டிவனம் சாலையில் கார் பறந்தது. உப்பளம் முடிந்து வயல் வந்தது. தூரத்தில் பெருமுக்கல் மலை வெயிலில் கறுத்து நின்றது. கார்த்திகேசன்தான் ஓட்டினான். வழியெல்லாம் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“கட்டி எங்க இருந்துச்சுன்ன?”

“முழங்கைக்கு மேல.”

அவன் காரின் வேகத்தைக் கூட்டினான்.

பிரம்மதேசத்தில் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் தெருவை அடைத்துக் கூட்டம். பேண்டு செட்காரர்கள் மேளத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பவுனு.

அதை அடையாளம் கண்டுபிடிக்க சூர்யகலாவுக்குச் சில விநாடிகள் பிடித்தன. தலையில் சிவப்புக் குஞ்சம், கழுத்தில் மணிச்சரம், முதுகில் ஜரிகை போட்ட சேணம். ஒழுகுவதைத் துடைத்து, முகத்தில் ஏதோ பூசியிருந்தார்கள். தலை தரையைப் பார்த்துத் தொங்கியது. பேண்டில் ஒரு தட்டுத் தட்டினால் ஆடப் பழகிய கால்கள் லேசாகத் தூக்கப் பார்த்து, முடியாமல் நின்றன. பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகள் சுற்றி நின்று அதன் முகத்துக்கு நேரே வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மாலை போட்ட மாப்பிள்ளை ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டான்.

“தொடாதீங்க!” சூர்யகலா கத்தினாள். “யாரும் தொடாதீங்க! பிள்ளைங்களைத் தூக்குங்க! அதுக்கு நோவு, தொத்திக்கும்!”

கூட்டம் திரும்பியது. அவளைவிட அவளுக்குப் பின்னால் வந்தவனைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். புதிதாக மழித்த மொட்டைத் தலை. வெள்ளை வேட்டி. இடுப்பில் இன்னும் ஈரம் காயாத துண்டு.

“ஏம்பா, சாவு வீட்டுக்காரன் மாதிரி இருக்கற, கல்யாண வாசல்ல வந்து நிக்கற?” பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். “நல்லது நடக்கற எடத்துல என்னா கத்தல் இது? போ வெளிய!”

“ஐயா, ஒரு நிமிசம் கேளுங்க...”

“போன்னா போ! தீட்டோட வந்து நிக்கறீங்களே, அறிவு இல்ல?”

யாரோ சூர்யகலாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். மாப்பிள்ளையின் கை சேணத்தின்மேல் இருந்தது.

“எங்கப்பாவுக்கு இன்னைக்குக் காரியம்.” கார்த்திகேசன் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரல் தெருவின் கடைசிவரை கேட்டது. “இந்தக் குதிரைதான் எங்கப்பாவோட குதிரை. இதுகிட்ட இருந்து தொத்தின நோவுலதான் அவர் செத்திருக்காருன்னு டாக்டர் சந்தேகப்படறாங்க. அந்தம்மா பின்னாலயே வர்றாங்க. இதுக்கு மேல உங்க இஷ்டம். ஏத்துங்க.”

பேண்டுக்காரன் கையிலிருந்த குச்சி நின்றது. ஒரு பெண் ஓடிவந்து தன் மகளைத் தூக்கிக்கொண்டு, பாவாடையாலேயே அதன் கையை அழுந்த அழுந்தத் துடைத்தாள். மாப்பிள்ளை கையை எடுத்தான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிரையைச் சுற்றி மளமளவென்று இடம் காலியானது.

வெற்றிடத்தின் நடுவில் பவுனு தனியாக நின்றது. அது மூச்சு விடுகிற சத்தம் இப்போது எல்லோருக்கும் கேட்டது. இழுத்து, நடுவில் தேங்கி, கரகரத்து வெளியே வருகிற மூச்சு. அம்மா சொன்னது சரிதான். சூர்யகலா காதைப் பொத்திக்கொண்டாள்.

கார்த்திகேசன் நடந்துபோய்க் கயிற்றைப் பிடித்தான்.

“டேய், தொடாதடா!”

“காலையிலயே தொட்டாச்சுக்கா.” அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “வண்டியில ஏற மாட்டேன்னு முரண்டு புடிச்சுது. தலையைத் தூக்கி என் தோள்மேல போட்டுக்கிட்டு, முதுகைத் தடவித் தடவித்தான் ஏத்தினேன். பொறந்ததுல இருந்து ஒரு குதிரையை நான் தொட்டதில்ல. இன்னைக்குத்தான்.”

அவன் குஞ்சத்தை அவிழ்த்தான். மணிச்சரத்தைக் கழற்றிக் கீழே போட்டான். மெதுவாக, அது வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று, தெருவைத் தாண்டி வறண்டு வெடித்துக் கிடந்த ஏரிக்குள் அழைத்துக்கொண்டு போனான். பவுனு மறுக்கவில்லை. ஏரியின் நடுவில் போய் நின்றதும் அது திரும்பி, வெகு நேரம் அவன் முகத்தையே பார்த்தது. சூர்யகலா கரையில் நின்று தம்பியின் முதுகு குலுங்குவதைப் பார்த்தாள். கிட்டப் போய் அவனை அணைத்துக்கொள்ளலாமா கூடாதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் சத்யப்ரியாவின் ஜீப் வந்தது. கூடவே இரண்டு பேர், கையில் ஒரு பெட்டி. டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள். போனில் சொன்னது நடக்கப்போகிறது. அதற்காகத்தானா போன வாரம் இவரைக் கூட்டிவந்தோம் என்று நினைத்தபோது கண் நிறைந்தது. காப்பாற்றத்தான் கூப்பிட்டாள்.

“ஊசி போடும்போது நீங்க பார்க்க வேணாம்கா. தம்பியை இங்க வரச்சொல்லுங்க. அவரைத் தனியாத்தான் ஒக்காரவெக்கணும்.”

“அவன் வரமாட்டான் டாக்டர். முடியறவரைக்கும் கயிறை விடமாட்டான்.”

டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தம்பிக்கென்று இன்னொன்றையும் கையுறையையும் உதவியாளரிடம் கொடுத்து ஏரிக்குள் அனுப்பினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இந்தக் குதிரையைக் கொண்டுவந்தது யாரு?”

பிரபு மண்டபத்துச் சுவர் ஓரமாக நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். ஜிகினாச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருகிக்கொண்டே முன்னால் வந்தான்.

“நான்தாங்க மேடம்.”

“பெரியவருக்கு வித்ததும் நீங்கதானா? அப்பவே இதுக்கு ஒடம்பு சரியில்லாமதான் இருந்துச்சா?”

“கொஞ்சம் மூக்கு ஒழுகுச்சுங்க. ஆட்டத்துக்கு வணங்கல. எங்கப்பாதான் குடுத்துடலாம்னாரு. பாவம், அந்தப் பெரியவரு ஆசைப்பட்டுக் கேட்டாரு...”

“உங்கப்பா எங்க? அவர்கிட்டப் பேசணும்.”

பிரபு தலையைக் குனிந்துகொண்டான்.

“போன மாசம் தவறிட்டாருங்க. ஜுரம்தான். டெங்குவா இருக்கும்னாங்க.”

சூர்யகலா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேல் அந்தக் கண்கள் இமைக்கவில்லை.

“உங்ககிட்ட வேற குதிரைங்க இருக்குதா?”

“இருக்குதுங்க மேடம். எல்லாம் ஒரே கொட்டகைதான், ஒரே தொட்டித் தண்ணிதான்.”

“இப்ப அதுங்கல்லாம் எங்க?”

பிரபு நிமிர்ந்தான். எதற்குக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. உதடு காய்ந்துபோயிருந்தது.

“நாளைக்கு முகூர்த்தம் மேடம்,” என்றான். “இன்னைக்கு எல்லா ஊர்லயும் மாப்பிள்ளை அழைப்பு. ஒரு குதிரைகூடக் கொட்டகையில இல்ல.”